டிரெய்லரில் இருந்த பாட்டு படத்தில் இல்லை, பணம் திரும்பக் கிடைக்குமா?

புதுப்படத்துக்குப் போய் ஏமாந்தவர்களும் எரிச்சலானவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த முறை.

கேள்வி: ஒரு பாட்டுக்காகவே என் பெண்கள் அடம்பிடித்தார்கள். முதல் நாளே குடும்பத்தோடு போனோம். டிரெய்லரில் வந்த அந்தப் பாட்டு படத்தில் வரவே இல்லை. காட்டிய சரக்கு ஒன்று, கொடுத்த சரக்கு ஒன்று. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: போகலாம், ஆனால் ஜெயிப்பது கஷ்டம். உங்கள் வழக்கு ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்துவிட்டது.

2016இல் ஷாருக்கான் நடித்த 'ஃபேன்' என்ற இந்திப் படம் வந்தது. விளம்பரங்களில் ஓயாமல் ஓடிய 'ஜப்ரா ஃபேன்' பாட்டு தியேட்டரில் இல்லை. பிள்ளைகளோடு படத்துக்குப் போன மகாராஷ்டிர ஆசிரியை ஒருவர் வழக்குப் போட்டார். மாவட்ட நுகர்வோர் மன்றம் தள்ளுபடி செய்தது. மாநில ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் செலவும் கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையமும் அதையே சொல்ல, தயாரிப்பு நிறுவனம் மேலே போனது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. டிரெய்லர் என்பது தயாரிப்பாளர் தன் பக்கத்திலிருந்து செய்யும் விளம்பரம். அதில் வருவதெல்லாம் படத்தில் இருக்கும் என்ற வாக்குறுதி அல்ல. டிக்கெட் வாங்கியதால் அந்தப் பாட்டின்மீது உரிமை வந்துவிடாது. தீர்ப்பின் சாரம் இதுதான்.

சட்டமாகப் பார்த்தால் சரி. ஆனால் பாட்டை முதலில் இறக்கி, ஆளைக் கட்டிப்போட்டு, பிறகு படத்தில் வெட்டுவது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ரிலீசுக்குப் பிறகும் கத்திரி ஓய்வதில்லை. 2024இல் 'இந்தியன் 2' வெளியான சில நாளில் 12 நிமிடம் குறைத்தார்கள். முதல் நாள் போனவர் பார்த்தது ஒரு படம், அடுத்த வாரம் போனவர் பார்த்தது இன்னொரு படம். டிக்கெட் விலை மட்டும் ஒன்று.

எதற்கு நீங்கள் சண்டை போடலாம் என்றால், தியேட்டர் தருவதாகச் சொன்ன வசதிக்கு. அட்மாஸ் ஒலி என்று டிக்கெட்டில் போட்டுவிட்டு ஸ்பீக்கர் பாதி வேலை செய்யவில்லை, ஏசி ஓடவில்லை, படம் நடுவில் நின்றுபோய் மறுபடி போடவே இல்லை என்றால் அது சேவைக் குறைபாடு. வீட்டுக்கு வந்து புலம்பாமல் இடைவேளையிலேயே மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள், டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமே கிடையாது.

கேள்வி: நான்கு டிக்கெட்டுக்கு ஆன்லைனில் 141 ரூபாய் 60 காசு கூடுதலாகப் பிடித்தார்கள். தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு வரம்பு இருக்கிறதே? (வாசகர், மதுரை)

பதில்: வரம்பு டிக்கெட்டுக்குத்தான். 2017இல் அரசு வைத்த கணக்குப்படி மல்டிபிளெக்ஸில் அதிகபட்சம் 150 ரூபாய், வரி தனி. 100 ரூபாய்க்கு மேல் போனால் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதோடு உள்ளாட்சி கேளிக்கை வரி. (100 ரூபாயும் அதற்குக் கீழும் உள்ள டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பெரிய தியேட்டர்களில் முன்வரிசை தவிர அந்த விலையில் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள்.)

நீங்கள் சொல்வது முன்பதிவுக் கட்டணம். டிக்கெட்டுக்கு 30 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5 ரூபாய் 40 காசு, ஆக 35.40. நான்கால் பெருக்குங்கள், உங்கள் தொகை வந்துவிடும். ஒரே சொடுக்கில் நான்கு சீட் எடுத்தாலும் கட்டணம் நான்கு முறை! இதை வாங்குவது குற்றமில்லை. கடைசித் திரை வரை மறைத்து வைப்பதுதான் குற்றம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 ஆன்லைன் ஏமாற்றுத் தந்திரங்களில் இதுவும் உண்டு, கேட்காமலே நன்கொடை என்று ஒரு ரூபாயைச் சேர்த்துவிடுவதும் உண்டு. பணம் கட்டும் முன் அந்த நன்கொடைக்கான டிக் குறியை எடுத்துவிடுங்கள். கவுன்டரில் வாங்கினால் இந்தக் கட்டணமே இல்லை. திங்கட்கிழமைக்கு மேல் கவுன்டரில் கூட்டமும் இருக்காது.

கேள்வி: வீட்டு முறுக்கைப் பிடுங்கிக்கொண்டு, உள்ளே பாப்கார்னை டிக்கெட்டைவிட அதிக விலைக்கு விற்கிறார்கள். இது நியாயமா? (வாசகர், ஈரோடு)

பதில்: நானும் முறுக்கோடு மாட்டியவன்தான். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வெளித்தின்பண்டத்தைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது, குடிநீர் இலவசமாகத் தர வேண்டும். தண்ணீர் எங்கே என்று தயங்காமல் கேளுங்கள்; குழாயைக் கழிப்பறைப் பக்கம் ஒளித்து வைத்திருப்பார்கள். பாப்கார்ன் விலைக்குக் காரணம் வேறு. முதல் வார டிக்கெட் வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடும், கேன்டீன் காசு தியேட்டருக்கே.

கேள்வி: செயலியில் 'வேகமாக நிரம்புகிறது' என்று காட்டியது. அவசரமாக எடுத்துப் போனால் பாதி அரங்கம் காலி. மறுநாள் பார்த்தால் கோடிக்கணக்கில் வசூல் என்று போஸ்டர். எதை நம்புவது? (வாசகர், கோவை)

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். வசூல் போஸ்டரைப் போடுவது படத்தை விற்பவர்களே. அதில் இருப்பது மொத்த வசூலா, வரி போக மீதியா, தயாரிப்பாளர் கைக்கு வந்த பங்கா என்று எழுதவும் மாட்டார்கள். 'நிரம்புகிறது' என்பதும் நம்மை அவசரப்படுத்தும் வேலைதான். நிரம்பாத அரங்கை நிரம்புவதாகக் காட்டினால், அந்த 13 தந்திரங்களில் 'பொய் அவசரம்' என்று அதற்கும் இடம் உண்டு. திரையைப் படம் பிடித்து வைத்துப் புகார் கொடுக்கலாம்.

இந்த அவசரம் ஏன் என்றால், இன்றைக்குப் படத்தின் ஆயுள் முதல் மூன்று நாள். நான்கு வாரத்தில் தமிழ்ப் படம் ஓடிடிக்கு வந்துவிடும். இந்திப் பதிப்புக்கு எட்டு வாரம் வேண்டும் என்று பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் பிடிவாதமாக நின்றதால், 2023இல் 'லியோ'வின் இந்திப் பதிப்பு வடக்கே அவர்களிடம் வெளியாகவே இல்லை. மூன்று நாளுக்குள் உங்களை உள்ளே இழுக்க வேண்டும், அதற்குள் விமர்சனம் பரவக் கூடாது. 2024 நவம்பரில் தியேட்டர் வளாகத்தில் யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டதும் இதனால்தான். கேமராவை வாசலில் நிறுத்தலாம், பக்கத்து வீட்டுக்காரர் வாயை யார் நிறுத்துவது? ஞாயிறு சாயங்காலம் அவரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: 15 வயது மகனை உள்ளே விடவில்லை. பணம் வாபஸ் கிடைக்குமா? (வாசகி, சேலம்)

பதில்: 'ஏ' சான்றிதழ் படம் என்றால் 18க்குக் கீழ் விடாமல் இருப்பது தியேட்டரின் கடமை, பணம் கேட்க முடியாது. 'யுஏ 16+' என்று இருந்தால் அது பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டுமே. உங்களோடு வந்த பையனைத் தடுத்தது தவறு, பணத்தைக் கேளுங்கள். எந்தச் சான்றிதழ் என்பது போஸ்டர் மூலையில் கடுகளவு எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கள்.