வட்டார வளர்ச்சி வங்கிகள் நாடுகளுக்குத் தருவது இலவசப் பணமா?

கல்லூரியில் படிப்பவர் என்று நினைக்கிறேன். ஒரு வட்டாரத்து வளர்ச்சிக்காக நாடுகள் சேர்ந்து நடத்தும் வங்கிகள் தரும் பணம் "பணக்கார நாடுகள் போடும் பிச்சைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல் சுட்டதால்தான் எழுதுகிறேன்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் சனம் எங்கே போகும் என்றுதான், எல்லாரும் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் எடுத்த அப்பா மாதம் 10 வெள்ளி (மலேசியப் பணம்) கட்டினார். "மளிகைக் கடையில பாக்கி நிக்குது, உங்களுக்குத் தோட்டம் கேக்குதா?" என்று அம்மா சண்டை பிடிப்பார். "தனியா போனா ஒரு ஏக்கர்கூடக் கிடைக்காது, எல்லாரும் சேந்தா தோட்டமே கிடைக்கும்" என்பார் அப்பா. அந்தப் பங்குப் பத்திரம் இன்னும் எங்கள் தகரப் பெட்டியில் இருக்கிறது.

1966இல் மணிலாவில் தொடங்கிய ஆசிய வளர்ச்சி வங்கியும் இப்படித்தான், நாடுகள் சேர்ந்து பங்கு போட்டது. மலேசியா அதன் தொடக்க உறுப்பினர். நாடுகள் எடுக்கும் பங்கில் ரொக்கமாகக் கட்டுவது சுமார் 5 விழுக்காடு. மீதி, வங்கிக்கு நெருக்கடி வந்தால் தருவோம் என்ற உறுதிமொழி. அந்த உறுதியை நம்பித்தான் முதலீட்டாளர்கள் அதன் கடன் பத்திரங்களைக் குறைந்த வட்டிக்கு வாங்குகிறார்கள். அந்தப் பணம் சாலைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நீண்டகாலக் கடனாகப் போகிறது, அதுவும் வேலை நடக்க நடக்க. கூடவே திட்ட ஆய்வும் ஆலோசனையும். மானியம் பெரும்பாலும் மிக ஏழை நாடுகளுக்குத்தான், அதற்குத் தனி நிதி.

கூட்டுறவும் அனைத்துலக வங்கியும் ஒன்றா என்று சண்டைக்கு வராதீர்கள். ஒன்றில்லை. சங்கத்தில் ஆளுக்கு ஓர் ஓட்டு; அங்கே பெரும்பாலும் பங்குக்கேற்ற ஓட்டு. ஜப்பானும் அமெரிக்காவும்தான் பெரிய பங்குதாரர்கள். அதைக் குறை சொன்னால் நானும் ஒத்துக்கொள்வேன்.

   

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆசிய வளர்ச்சி வங்கியில் கடன் வாங்கிய மலேசியா, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்காக 2011இல் அமைந்த ஆசியான் உள்கட்டமைப்பு நிதிக்கு 150 மில்லியன் அமெரிக்க டாலர் பங்கு போட்டது. ஆசியான் நாடுகளில் அதுதான் பெரிய பங்கு. ஆக, இது பிச்சையில்லை; கடன் வாங்கியவரும் பங்கு போடும் ஏற்பாடு.