இரவு விமானத்தில் படுத்துக்கொண்டு போக மூன்று லட்சம் தரலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. கணவருக்கு 66, போன வருடம் அவருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காக இருவரும் சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் போகிறோம். நள்ளிரவு தாண்டிக் கிளம்பி காலையில் அங்கே இறங்கும். போக வர இருவருக்கும் எகானமியில் 1,50,000 ரூபாய், பிசினஸ் கிளாஸில் 4,60,000 ரூபாய். “வாழ்க்கையில் ஒருமுறைதானே, பிசினஸிலேயே வாங்க” என்கிறார் மாப்பிள்ளை. எகானமிக்கான பணம் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் ஆர்.டி. 2,10,000 ரூபாய் முதிர்கிறது. எஃப்.டி.யில் 14 லட்சம் இருக்கிறது. எஃப்.டி.யை உடைக்கலாமா, கார்டில் ‘நோ காஸ்ட்’ இ.எம்.ஐ. போடலாமா? விமான நிலைய லவுஞ்ச் (சாப்பாட்டோடு கூடிய ஓய்வறை) இலவசம் என்று வங்கியில் ஒரு புது கிரெடிட் கார்டும் எடுக்கச் சொல்கிறார்கள். – ஒரு வாசகி, திருச்சி.

பதில்: போகும்போது பிசினஸ், வரும்போது எகானமி. எஃப்.டி.யைத் தொட வேண்டாம், இ.எம்.ஐ. வேண்டாம், புது கார்டும் வேண்டாம்.

பிசினஸ் கிளாஸில் சாப்பாடு, பெரிய திரை, கம்பளி என்று பல இருந்தாலும், இரவு விமானத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது தட்டையாக விரியும் அந்தப் படுக்கையைத்தான். இரண்டு வகுப்புக்கும் உள்ள வித்தியாசம் 3,10,000 ரூபாய். இரண்டு பேர், இரண்டு பயணம் என்று வகுத்தால், ஆளுக்கு ஒரு பயணத்துக்கு 77,500. சுமார் பத்து மணி நேரப் பயணத்தில் சாப்பாட்டுக்கும் காலைச் சிற்றுண்டிக்கும் விளக்கு போடும் நேரம் போக, தூங்க ஆறு மணி நேரம் கிடைத்தால் பெரிது. ஆக, மணிக்கு ஏறக்குறைய 13,000 ரூபாய்த் தூக்கம்! ஆனாலும் ஆபரேஷன் செய்த காலை நீட்டிப் படுத்துப் போய், இறங்கிய அன்றே மகள் வீட்டில் வேலையைத் தொடங்க வேண்டிய உங்களுக்கு அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைத் தண்டச் செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.

திரும்பும் பயணத்துக்கு அந்த நியாயம் இல்லை. அங்கிருந்து வரும் நேரடி விமானம் பகலில் கிளம்பி நள்ளிரவு வாக்கில் சென்னையில் இறங்கும். பகல் முழுக்க விழித்திருந்து படம் பார்ப்பதற்கு 77,500 ரூபாய்ப் படுக்கை எதற்கு? நடைபாதை ஓரத்து இருக்கையாக முன்பதிவு செய்துகொண்டு, மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தால் போதும். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டு வையுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

ஒரே டிக்கெட்டில் இப்படி இரண்டு வகுப்பையும் கலந்து போடலாம். விமான நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் வகுப்பைத் தனியாக மாற்றிப் பாருங்கள். வரவில்லையென்றால் டிராவல் ஏஜென்டிடம் கேளுங்கள். போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனி டிக்கெட்டாக மட்டும் வாங்கிவிடாதீர்கள். பெரிய விமான நிறுவனங்களில் ஒருவழி டிக்கெட் பல நேரம் பாதி விலைக்கு வராது. கலந்து போடும்போதும் வித்தியாசம் சரிபாதியாக, அதாவது 1,55,000 ஆக, இறங்கும் என்று சொல்ல முடியாது. கூடுதல் தொகை இருவருக்கும் சேர்த்து 1,60,000க்குள் வந்தால் ஆர்.டி. பணத்தில் எடுங்கள். தாண்டினால், எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் உள்ள பிரீமியம் எகானமியைப் பாருங்கள். இருக்கை அகலம், கூடுதலாகச் சாயும், கால் வைக்க இடம் உண்டு. ஆனால் படுக்கை ஆகாது, லவுஞ்சும் பொதுவாகக் கிடையாது. வரியையும் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் எகானமிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 18 சதவீதம். அதனால் வரி சேர்ந்த விலையையே ஒப்பிடுங்கள்.

எகானமி டிக்கெட் வாங்கிய பிறகு, ‘ஏலம் கேட்டு பிசினஸுக்கு மாறலாம்’ என்று சில நிறுவனங்கள் மின்னஞ்சல் அனுப்பும். அதில் கேட்கும் தொகை பெரும்பாலும் ஓர் ஆளுக்கு, ஒரு பயணத்துக்கு. 50,000 என்று போட்டால் இருவருக்கும் ஒரு லட்சம் போகும். ஏற்றுக்கொண்டுவிட்டால் திரும்ப வராது. கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் எகானமிதான் என்ற மனநிலை இருப்பவர்களுக்கு நல்ல வழி. முழங்காலை நம்பி ஏலம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது பணம் எங்கிருந்து என்பதற்கு வருகிறேன். 3,10,000 ரூபாய்க்கு எஃப்.டி.யை உடைத்தால், 7 சதவீத வட்டி என்று வைத்தாலும் மாதம் 1,800 ரூபாய் போகிறது. அது இந்த வருடத்தோடு முடியாது, அடுத்தடுத்த வருடங்களிலும் வராது. முன்கூட்டியே எடுப்பதற்கு வங்கி அரை முதல் ஒரு சதவீதம் வரை வட்டியில் பிடிக்கும், அது தனி. ‘நோ காஸ்ட்’ இ.எம்.ஐ.யில் வட்டியைத் தள்ளுபடியாகத் தருவார்கள், சரி. அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான். பயணம் முடிந்து திருச்சிக்கு வந்த பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும்; ஓய்வூதியக்காரர்களுக்கு இந்த வேலை வேண்டாம்.

கார்டு விஷயம். லவுஞ்ச் இலவசம் என்று சொல்பவர், முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் என்ற நிபந்தனையைப் பெரும்பாலும் சொல்வதில்லை. இன்று கார்டு வாங்கி அடுத்த மாதம் உள்ளே போக முடியாமல் நிற்பவர்கள் நிறைய. சில கார்டுகளின் இலவச நுழைவு உள்நாட்டு முனையத்தோடு சரி. சிலவற்றோடு வரும் பிரையாரிட்டி பாஸ் என்ற லவுஞ்ச் நுழைவு அட்டை வெளிநாட்டில்தான் இலவசம், இந்தியாவுக்குள் தேய்த்தால் டாலரில் கட்டணம் வரும். கூட வரும் வீட்டுக்காரருக்குத் தனி பில். இத்தனைக்கும் உள்ளே இருப்பது சூடுபெட்டியில் இட்லி, சாம்பார், ஒரு நூடுல்ஸ், காபி மெஷின், அப்புறம் சார்ஜ் போட ஒரு பிளக். சென்னையில் நள்ளிரவை ஒட்டித்தான் பல வெளிநாட்டு விமானங்கள் கிளம்புகின்றன, அந்த நேரத்தில் சோபா கிடைப்பதே பெரும்பாடு.

பிசினஸ் டிக்கெட்டில் லவுஞ்ச் பொதுவாகச் சேர்ந்தே வரும். ஆனால் எல்லா டிக்கெட்டிலும் அல்ல: எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் போன்றவை லவுஞ்ச் இல்லாத மலிவு பிசினஸ் டிக்கெட்டும் விற்கின்றன. விலை கவர்ச்சியாக இருந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள். உங்கள் டிக்கெட்டில் லவுஞ்ச் இருந்தால் இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஏறியதும் “சாப்பாடு வேண்டாம், எழுப்ப வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் படுத்தால், மேலே சொன்ன ஆறு மணி நேரம் ஏழாகும்.

ஆர்.டி.யில் மீதமாகும் 50,000 ரூபாயில் முதல் செலவு பயணக் காப்பீடு. ஜெர்மனி போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். உங்கள் வயதில் அதோடு நிறுத்தாமல் கூடுதல் தொகைக்கு எடுங்கள். கணவரின் அறுவை சிகிச்சையையும், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அவற்றையும் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே ஆசை என்றால் அவரிடம் விமான மைல்கள் (டிக்கெட்டாக மாற்றக்கூடிய புள்ளிகள்) இருக்கிறதா என்று கேளுங்கள். பல நிறுவனங்களில் அவற்றைக் கொண்டு மாமனார் மாமியார் பெயரிலும் டிக்கெட் போடலாம், வரியும் கட்டணங்களும் மட்டும் கையிலிருந்து போகும்.

கடைசியாக ஒன்று. பிசினஸ் டிக்கெட் வைத்திருந்தும் இடமில்லை என்று உங்களை எகானமிக்கு மாற்றினால், சும்மா தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. 2023இல் கொண்டுவந்த விதிப்படி, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணத்தில் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும். சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் அந்தத் தூரத்தைப் போல இரண்டு மடங்கு. மாற்றிக் கொடுத்த போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள், பழைய டிக்கெட்டின் நகலோடு சேர்த்து அதைத்தான் கேட்பார்கள்.