பழைய புரோகிராமர்களும் வெப் டெவலப்பர்களும் ஒரே டேட்டாபேஸில் சேர்ந்து வேலை செய்ய முடியுமா? பெரிய குவெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) என்றால் யார் சொல்வதைக் கேட்பது?

முடியும். ஐந்து வருடமாக அப்படித்தான் வேலை செய்கிறேன். யார் சொல்வதைக் கேட்பது என்பதற்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் 1994-ல் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் ஆரம்பித்தவன். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ரசாயனங்கள் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு பில், ஸ்டாக், லெட்ஜர் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகள்தான் பெரும்பாலான பார்ட்டிகள். பிறகு எல்லாவற்றையும் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸுக்கு மாற்றி, பிரவுசரில் பார்க்கிற மாதிரி புதிதாக எழுத காட்பாடியிலிருந்து ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் எடுத்தார்கள். பில் வரிகள் மட்டும் நாற்பது லட்சத்துக்கு மேல்.

முதலில் கேட்ட ரிப்போர்ட், மாவட்ட வாரியாக இருபது வருட விற்பனை. அந்தப் பெண் குவெரி எழுதி ஓட்டிவிட்டு என்னிடம் வந்தார். “சார், 2019-க்கு முன்னாடி ராணிப்பேட்டையில நாம ஒண்ணுமே விக்கலையா?”

குவெரியில் ஒரு தப்பும் இல்லை. 2019-ல்தான் வேலூரைப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களை உண்டாக்கினார்கள். அதற்கு முந்தைய பார்ட்டிகளுக்கெல்லாம் எங்கள் மாஸ்டரில் (பார்ட்டிகளின் மூலப் பட்டியலில்) ‘வ.ஆ.’ என்பதற்கான இரண்டெழுத்துக் குறிதான் இருக்கும். வட ஆற்காடு மாவட்டம் 1989-லேயே இரண்டாகிவிட்டது. ஆனால் பழைய பேரேட்டில் எப்படி இருந்ததோ அப்படியே நாங்கள் ஏற்றினோம். அதனால் அந்த ஒரு குறிக்குள் இன்றைய நான்கு மாவட்டங்கள் இருக்கின்றன: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணி பார்ட்டிகளால் திருவண்ணாமலையும்.

பின்கோடின் முதல் மூன்று எண்ணை வைத்துப் பிரித்துவிடலாம் என்றான் பையன். நல்ல யோசனைதான், ஆனால் இங்கே செல்லாது. ராணிப்பேட்டை 632401, ஆரணி 632301, வேலூரும் 632-தான். கடைசியில் நானும் அந்தப் பெண்ணும் இரண்டு நாள் உட்கார்ந்து, ஊர் ஊராக ஒரு தனி டேபிள் போட்டோம். ஊர், இன்றைய மாவட்டம், எந்தத் தேதியிலிருந்து என்று மூன்று ஃபீல்டு. ஒரே ஊரை நாலு விதமாக எழுதியிருந்தோம். வாலாஜா, வாலாஜாபேட், வாலாஜாபேட்டை என்று பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருந்தது.

அதைவிடப் பெரிய பிரச்சினை மொத்தத் தொகையில் வந்தது. ஒரு வருட விற்பனை லெட்ஜரைவிட அதிகமாகக் காட்டியது. நான் பில் எண் வாரியாக எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஒரே எண்ணில் இரண்டு பில், இரண்டு தொகை. பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஃபாக்ஸ்புரோவில் டெலீட் கொடுத்தால் ரெக்கார்டு அழியாது. அதன் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். பேக் என்ற கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகவே போகும். நாங்கள் பேக் கொடுக்காமல் வைத்திருந்த வருடங்களில், ரத்து செய்த பில்களெல்லாம் அப்படியே உள்ளே கிடந்தன. மாற்றும்போது டூல் அந்தக் குறியைக் கவனிக்காமல் அத்தனையையும் உயிரோடு கொண்டுவந்துவிட்டது. பழைய ஃபைல்களைத் தேடி எடுத்து, குறி விழுந்தவற்றை மட்டும் பட்டியலிட்டு ஒதுக்கினோம். இப்படிப்பட்ட தப்பை எர்ரர் மெசேஜ் காட்டாது. ரிப்போர்ட் அழகாக வரும், எண்தான் பொய்யாக இருக்கும். டேட்டா மாறியாயிற்று என்றதும் பழைய ஆளை வீட்டுக்கு அனுப்பும் நிறுவனங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

சரி, வேகம் என்று வந்தால் கதை வேறு. ஊர் டேபிள் வந்தபின் பார்ட்டி மாஸ்டரைத் திருத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு ரெக்கார்டாக எடுத்து, ஊரைத் தேடி, மாற்றி, அடுத்ததுக்குப் போகும்படி நான் ஒரு புரொசீஜர் எழுதினேன். முப்பது வருடப் பழக்கம் அது. பையன் இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து ஒரே அப்டேட்டில் முடித்தான். என்னுடையது அரைமணி நேரம் ஓடியது, அவனுடையது சில விநாடி. அன்றிலிருந்து இப்படி ஒவ்வொன்றாக ஓடும் லூப் எழுதக் கை போகும்போதெல்லாம் அவனைக் கூப்பிட்டுக் கேட்கிறேன்.

அவனுக்கும் நான் ஒன்று காட்டினேன். பில் தேதியிலிருந்து வருடத்தை மட்டும் பிரித்தெடுத்து நிபந்தனை வைத்திருந்தான். தேதிக்கு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) இருந்தும், குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் போட்டால் முழு டேபிளையும் படிப்பதாக வந்தது. ஃபாக்ஸ்புரோவில் ரஷ்மோர் என்று தேடலை வேகமாக்கும் வசதி ஒன்று உண்டு. இண்டெக்ஸ் போட்ட எக்ஸ்பிரஷனும் நிபந்தனையில் எழுதுவதும் ஒத்திருந்தால்தான் அது வேகம் தரும். இங்கேயும் அதே சங்கதிதான். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்று தேதியையே நேரடியாகக் கொடுக்கச் சொன்னேன். இண்டெக்ஸைப் பிடித்துக்கொண்டது.

இப்போது பெரிய குவெரி எதுவானாலும், எழுதும் முன் மூவரும் ஒரே திரை முன்னால் அரைமணி உட்காருகிறோம். எந்த ஃபீல்டில் என்ன போட்டோம், எந்த வருடம் பழக்கத்தை மாற்றினோம் என்று நான் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் அதை ஃபீல்டின் கமெண்டிலேயே ஏற்றிவிடுகிறார். போன வாரம் யூனிட் ஃபீல்டுக்கு வந்தோம். 2003 வரை கிலோ, அதற்கப்புறம் டிரம் கணக்கு. “இதை எப்ப சார் சொல்லலாம்னு இருந்தீங்க?” என்று கேட்டுக்கொண்டே டைப் செய்தார்.