வாசகர் கேள்வி: பட்டாளத்தில் ஒரு சிரிப்புப் படம்

கேள்வி: அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்குவதற்கு முன்பே வெளிவந்த ‘பக் பிரைவேட்ஸ்’ என்ற பட்டாள நகைச்சுவைப் படம் பெரும் வெற்றி பெற்றது எதனால்?

பதில்: முதற்காரணம், அது வந்த வேளை. 1940 செப்டம்பரில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நிறைவேறி, 21 முதல் 35 வயது வரையிலான ஆண்கள் பெயரைப் பதிய வேண்டியிருந்த சூழலில், 1941 ஜனவரி இறுதியில் யுனிவர்சல் நிறுவனம் இப்படத்தை வெளியிட்டது. போலீசுக்குப் பயந்து ஓடும் இரண்டு டை வியாபாரிகள், திரையரங்கம் என்று நினைத்து ஆள்சேர்ப்பு நிலையத்துக்குள் நுழைந்து, கையெழுத்துப் போட்டுச் சிப்பாய்களாகிவிடுகிறார்கள். இந்த இருவராக நடித்த நகைச்சுவை ஜோடி அபாட்டும் காஸ்டெல்லோவும் கலக்கும் அணிவகுப்புப் பயிற்சிக் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். இடையில் வரும் காதல் கதை (சுமார்தான்) பொறுத்துக்கொள்ளத்தக்கது. ஆண்ட்ரூஸ் சகோதரிகள் என்ற பாடகியர் மூவர் படத்தில் பாடிய ‘பூகி வூகி பியூகிள் பாய்’ பாடல் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது.