வண்டியில் எத்தனை பூட்டுதான் ஏற்றுவது?

கேள்வி: அண்ணா, நான் தண்டையார்பேட்டை. மாமாவின் சாவிக் கடையில் தொழில் கற்றுக்கொண்டு இப்போது தனியாக எக்ஸ்.எல். வண்டியில் பெட்டி கட்டி, போன் வந்தால் வீட்டுக்கே போய் பூட்டு வேலை பார்க்கிறேன். வேலை தெரியும், அதில் பயமில்லை. ஆனால் எங்கே போனாலும் என்னிடம் இல்லாத சைஸ்தான் அந்தக் கதவில் இருக்கிறது. வட்டிக்கு வாங்கி சரக்கு போட்டேன், பாதிக்கு மேல் பெட்டியிலேயே தூங்குகிறது. போன வாரம் கொளத்தூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் ராத்திரி நேரத்தில் பூட்டின் சிலிண்டர் (சாவி நுழைகிற உருளை) சைஸ் பொருந்தாமல் நின்றேன், அந்த வீட்டம்மா திட்டித் தீர்த்துவிட்டார். எல்லா சைஸும் வைத்திருந்தால்தான் இந்தத் தொழில் ஓடுமா? இல்லை, பேசாமல் ஒரு கடையைப் போட்டு உட்கார்ந்துவிடலாமா? – பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை.

பதில்: தம்பி, முதலில் சரக்கு வாங்குவதை நிறுத்துங்கள். இந்த மாதம் ஒரு பூட்டுகூட புதிதாக வாங்காதீர்கள், ஏன் என்று சொல்கிறேன்.

சிலிண்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 60, 70, 80, 90 மி.மீ. என்று நீளம், அதிலேயே இரண்டு பக்கமும் சமமாக இருப்பது, ஒரு பக்கம் நீண்டது, அப்புறம் இரண்டு பக்கமும் சாவி போடுவது, ஒரு பக்கம் சாவி ஒரு பக்கம் குமிழ், ஒரு பக்கம் மட்டுமே உள்ள அரை சிலிண்டர், இவ்வளவுக்கும் மேலே பித்தளை, சில்வர், ஆன்டிக் என்று நிறம் வேறு. பெருக்கிப் பாருங்கள், ஒரே ஒரு வகைப் பூட்டுக்கே பெட்டி நிறைந்துவிடும். மார்ட்டிஸ் பாடி (கதவின் ஓரத்தைக் குடைந்து உள்ளே வைக்கும் பூட்டுப் பெட்டி), நைட் லாட்ச் (கதவின் மேலே பொருத்தும் பூட்டு), தொங்கு பூட்டு, பீரோ பூட்டு, டிராயர் பூட்டு, ஷட்டர் பூட்டு எதற்கும் இன்னும் நாம் வரவேயில்லை. பாரிமுனை மொத்தக் கடைக்காரரே பலதைக் கேட்டால் 'நாளைக்கு வரவழைத்துத் தருகிறேன்' என்றுதான் சொல்வார். அவரால் முடியாததை எக்ஸ்.எல். வண்டியால் எப்படி முடியும்?

கூப்பிட்டவருக்கு அந்த நேரத்தில் இரண்டுதான் வேண்டும்: கதவு திறக்க வேண்டும், இன்றைக்கு ராத்திரி அதே கதவைப் பூட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும். சரியான நிறத்தில் சரியான சைஸ் புதுப் பூட்டு நாளைக்குக் காலையில் வந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. நீங்கள் வண்டியில் ஏற்ற வேண்டியது அந்த ராத்திரிக்கானதை மட்டும்தான்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள், வருகிற போன்களில் எத்தனைக்கு உண்மையிலேயே புதுப் பூட்டு தேவை? சாவி தொலைந்துவிட்டது, பழைய வாடகைக்காரர் சாவியைத் திருப்பித் தரவில்லை, வேலையை விட்டுப் போனவரிடம் ஒரு சாவி இருக்கிறது என்றால் பூட்டை மாற்ற வேண்டியதே இல்லை. சிலிண்டரைக் கழற்றி, உள்ளே சாவியின் வெட்டுக்குப் பொருந்தி நிற்கும் குட்டிக் குட்டிப் பின்களை மாற்றி வேறு சாவிக்கு அமைத்துக் கொடுத்தால் முடிந்தது. அங்கே சைஸ் பிரச்சினை என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் அதே சிலிண்டர்தான் அதே கதவுக்குள் திரும்பப் போகிறது. பின், ஸ்பிரிங் எல்லாம் சேர்த்தாலும் ஒரு சின்ன டப்பாவுக்குள் அடங்கிவிடும், எடையும் இல்லை, காசும் முடங்காது. பின் மாற்றும் வேலையை மாமா கடையில் கற்றிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் வட்டிக்கு வாங்கிய காசை இனி சரக்கில் போடாமல் அதைக் கற்றுக்கொள்வதில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் 'பூட்டு இறுகிவிட்டது, மாற்றித் தாருங்கள்' என்று கூப்பிடுவார்கள் பாருங்கள், அதில் பெரும்பாலும் மரம் ஈரத்தில் ஊதியிருக்கும், பூட்டின் நாக்கு, கதவு நிலைச்சட்டத்தில் உள்ள தகட்டின் ஓட்டைக்கு நேரே வராது. தகட்டை அரம் போட்டுக் கொஞ்சம் திறந்துவிட்டால் பூட்டு பழையபடி ஓடும். அங்கே புதுப் பூட்டை விற்றால் அதுவும் ரெண்டே நாளில் இறுகும், கெட்ட பெயர் உங்களுக்குத்தான்.

சரி, மாற்றியே ஆக வேண்டிய சிலிண்டருக்கு வருவோம். கொளத்தூரில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 'எழுபது' என்று மொத்த நீளத்தை மட்டும் பார்த்து வைத்திருப்பீர்கள், அந்தக் கதவில் இருந்தது 30, 40 என்று ஒருபக்கம் நீண்ட எழுபதாக இருந்திருக்கும். சிலிண்டரை எப்போதும் நடுவிலிருந்து அளக்க வேண்டும். கதவின் ஓரத்தில் தகட்டில் சிலிண்டருக்கு நேராக ஒரு நீள ஸ்குரூ இருக்கும், எம்5. அதைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாக ஒரு பக்கம் திருப்பினால் நடுவில் இருக்கும் கேம் (சாவியோடு சுற்றி நாக்கைத் தள்ளும் துண்டு) சிலிண்டரின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், அப்போது இழுத்தால் வெளியே வந்துவிடும். அந்த ஸ்குரூ ஓட்டையின் மையத்திலிருந்து வெளிப்பக்க நுனி வரை ஒரு அளவு, உள்பக்க நுனி வரை ஒரு அளவு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். வெளிப்பக்க அளவை எப்போதும் முதலில் எழுதுங்கள், இதை மாற்றி எழுதினால் கடையில் மாற்றித்தான் வாங்குவீர்கள்.

இதில் சரக்கைக் குறைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் சாவி போடும் 30, 40 சிலிண்டரைத் திருப்பிப் போட்டால் அது 40, 30. ஒன்றை வாங்கினால் இரண்டு கதவுக்கு ஆகும். குமிழ் வைத்ததைத் திருப்ப முடியாது, குமிழ் 40 பக்கம் இருந்தால் இருந்ததுதான். அதனால் குமிழ் வைத்ததில் சமமான 60, 70 தவிர எதையும் கையிருப்பில் வைக்காதீர்கள். இன்னொன்று, உள்பக்கம் சிலிண்டர் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அழகுதான் கெடும், ஆபத்து இல்லை. வெளிப்பக்கம் மட்டும் கைப்பிடித் தகட்டுக்கு மேல் மூன்று மி.மீ.க்கு மிஞ்சி நீளவே கூடாது. நீண்டால் பிளேயரில் பிடித்து முறித்துவிடலாம், சிலிண்டரில் இருப்பதிலேயே பலவீனமான இடம் அந்த ஸ்குரூ ஓட்டைதான், அங்கேயே உடையும். 'இருப்பதைப் போட்டுவிட்டுப் போ' என்று வீட்டுக்காரரே கெஞ்சினாலும் வெளியே நீளும் சிலிண்டரைப் போட்டுவிட்டு வராதீர்கள் தம்பி. திருடனுக்கு நாமே கைப்பிடி வைத்துக் கொடுத்தது போல ஆகிவிடும்.

போகும் முன்பே அளவு தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. போன் வந்ததும் கிளம்பாதீர்கள். கதவு திறந்திருந்தால் கதவின் ஓரத்தையும், பிள்ளைகளின் ஸ்கேலைக் கதவின் கனத்தின் மேல் வைத்தும் ரெண்டு போட்டோ வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கதவின் கனத்தோடு இரண்டு பக்கக் கைப்பிடித் தகட்டின் கனத்தையும் கூட்டினால் சிலிண்டர் நீளம் ஏறக்குறைய வந்துவிடும். பூட்டி மாட்டிக்கொண்டு வெளியே நிற்கிறார்கள், கதவின் ஓரம் தெரியவில்லை என்றால் எதிர் வீட்டுக் கதவைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அபார்ட்மென்ட்டில் அநேகமாக ஒரே பில்டர், ஒரே ஆசாரி, எல்லா வீட்டுக்கும் ஒரே லாட்டில் வாங்கிய பூட்டு. ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலும் பழைய கதவு மாற்றாமல் இருந்தால் இதே கதைதான்.

மார்ட்டிஸ் பாடியைப் பொறுத்தவரை கைப்பிடிக் கம்பிக்கும் சிலிண்டருக்கும் நடுவே 85 மி.மீ. உள்ளதில் ஒன்று வைத்திருங்கள், நம்மூர் மெயின் டோரில் அதுதான் நிறைய. வேறு இடைவெளி என்றால் மரத்தைக் குடைய வேண்டிவரும், அதை ராத்திரியில் செய்யக் கூடாது.

நீங்கள் இருக்கும் ஏரியாவையும் பாருங்கள். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் வரைக்கும் கடல் காற்று. அங்கே வீட்டுக்கு வீடு கிரில் கேட், கிரில் கேட்டுக்குத் தொங்கு பூட்டு. 50, 65 என்று பூட்டின் உடம்பு அளவைப் பார்த்துத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள், நீங்கள் பார்க்க வேண்டியது வளையத்தின் கனத்தை. கொண்டியின் ஓட்டை உப்புக் காற்றில் துருவேறி, மேலே வருஷா வருஷம் பெயின்ட் அடித்து அடித்துச் சுருங்கிப்போயிருக்கும், பத்து மி.மீ. வளையம் அதில் நுழையவே நுழையாது. எட்டு மி.மீ. வளையம் உள்ள பித்தளைப் பூட்டு ரெண்டு, ஒரு உருட்டு அரம், இதுவே போதும், அரத்தால் ஓட்டையைச் சுரண்டினால் பெரிய பூட்டும் உள்ளே போய்விடும். பழைய பூட்டு இறுகியிருந்தால் தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள், அது தூசியைச் சேர்த்துப் பசையாகிக் கிடக்கும். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்துக் கிராஃபைட் பொடி போட்டுப் பாருங்கள், பாதிப் பூட்டு உயிரோடு வந்துவிடும்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, மின்ட் பக்கம் இன்னும் இரட்டைக் கதவுத் தேக்கு வாசல்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள பெரிய லீவர் பூட்டுக்கு (உள்ளே பின்னுக்குப் பதில் சாவி தூக்கும் தகடுகள் உள்ள பூட்டு) மாற்று சைஸ் தேடவே தேடாதீர்கள், அது கிடைக்காது. பெரும்பாலும் உள்ளே ஒரு லீவர் ஸ்பிரிங் உடைந்திருக்கும், பட்டை ஸ்பிரிங் வெட்டி வைத்துச் சரிசெய்துவிடலாம். வீட்டுக்காரர் 'தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுப்பா' என்றால் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள். கையால் செய்த திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது, அப்படிச் செய்யும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அந்தக் கதவை வெட்டி நவீனப் பூட்டை நுழைப்பதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

எதுவுமே பொருந்தாத ராத்திரிக்கு ஒரே ஒரு நைட் லாட்ச் வண்டியில் இருக்கட்டும். கதவின் மேலேயே அமர்வதால் மார்ட்டிஸ் அளவு எதுவும் அதற்குத் தேவையில்லை, பின்னால் வரும் பட்டையும் ஸ்குரூவும் கதவின் கனத்துக்கு ஏற்ப உடைத்துக்கொள்ளும்படி கோடு போட்டே வரும். ஒன்று மட்டும் கவனம்: கதவில் ஓட்டை போட வேண்டும். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் போனில் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகே டிரில்லை எடுங்கள், இல்லையென்றால் அட்வான்ஸ் பிடித்தம் என்ற சண்டையில் உங்கள் பெயர் அடிபடும். ஓட்டை போடவே கூடாது என்றால் நல்ல தொங்கு பூட்டைக் கொண்டியில் மாட்டிவிட்டு, மறுநாள் பூட்டு மாற்றியதும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தெருவில், எந்த அபார்ட்மென்ட்டில் என்ன சைஸ் என்று ஒவ்வொரு வேலை முடிந்ததும் எழுதுங்கள். கட்டிடத்தின் பெயரும் அளவும் மட்டும் போதும். வீட்டு நம்பரையும் சாவியின் வெட்டு அளவையும் எந்தக் காரணத்துக்கும் எழுதாதீர்கள், நோட்டு தொலைந்தால் எத்தனை வீட்டின் சாவி தொலைந்த மாதிரி என்று நினைத்துப் பாருங்கள். சில மாதத்தில் உங்கள் பகுதியில் உண்மையில் ஓடுகிற சைஸ் எது என்று நோட்டே சொல்லும். அதை மட்டும் வாங்குங்கள், அதுவும் ஒன்று போனால் ஒன்று.

கடை போடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். கடை போட்டால் வாடகை, அட்வான்ஸ், அதை நிரப்ப இன்னும் சரக்கு. அதற்குப் பதில் உங்கள் ஏரியாவில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரரோடு பழகி, பிரிக்காத பாக்கெட்டாக எடுத்துப் போவேன், பொருந்தாததைத் திருப்பித் தருவேன், சனிக்கிழமை கணக்கு முடிப்பேன் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் விற்பனை, உங்களுக்கும் பெட்டி லேசு. ரெண்டாம் தடவை போக வேண்டிவருமே என்று கூச்சப்படாதீர்கள், ஆனால் போனிலேயே சொல்லிவிடுங்கள்: 'வருகிற சார்ஜ் இவ்வளவு, இன்றைக்குத் திறந்து பத்திரமாகப் பூட்டித் தருவேன், புதுப் பூட்டு அளவெடுத்து நாளைக்கு.' எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையிலும் ரயில்வே கேட்டிலும் நின்று நின்று போய்வரும் நேரத்துக்குக் காசு கேட்பதில் தப்பே இல்லை. சொல்லாமல் போய்க் கடைசியில் கேட்டால்தான் திட்டு விழும்.

பெட்டியில் தூங்கும் சரக்கில் பாக்கெட் பிரிக்காததை வாங்கிய கடையிலேயே கொடுத்து ஓடுகிற சைஸாக மாற்றக் கேளுங்கள், கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் கொடுத்துவிடுங்கள், வட்டி அதைவிட அதிகம் தின்னும். அவர் எடுத்துக்கொள்ளாததை மாதவரம், கொளத்தூர் பக்கம் புதுக் கட்டிடங்களில் வேலை செய்கிற ஆசாரிகளிடம் காட்டுங்கள். அவர்கள் கையில் இருக்கும் பூட்டின் அளவுக்குக் கதவைக் குடைகிறவர்கள், உங்களுக்குப் பொருந்தாத சைஸ் அவர்களுக்குப் பொருந்தும். வருகிற காசில் முதலில் அந்த வட்டிக் கடனை அடையுங்கள்.