கஞ்சா பையில் இருந்தது. பிரிவு 50 கை கொடுக்காது

கேள்வி: ரயில் நிலையத்துக்கு வெளியே இரவு 9 மணிக்கு என் தம்பியைப் பிடித்தார்கள். கையில் இருந்த பயணப் பையில் 21.200 கிலோ கஞ்சா என்று வழக்கு. அது அவன் நண்பனின் பை. உள்ளே இருப்பது தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான். மாஜிஸ்திரேட் முன் சோதனை கேட்கும் உரிமையைச் சொல்லவில்லை. அடித்தார்கள், வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஐந்து மாதமாகச் சிறையில் இருக்கிறான். குற்றப்பத்திரிகை இன்னும் வரவில்லை. இதையெல்லாம் எழுதி ஜாமீன் மனு தயாரித்திருக்கிறோம். கிடைக்குமா?

பதில்: அடித்ததையும் வெற்றுத்தாளையும் தள்ளி வையுங்கள். விசாரணையில் பேசலாம், ஜாமீன் மனுவில் எடை இல்லை. உங்கள் கேள்விக்கான பதில் ஒரே சொல்லில் இருக்கிறது: பை.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) பிரிவு 50 உடல் சோதனைக்கான பாதுகாப்பு. மாஜிஸ்திரேட் முன் சோதனை கேட்கும் உரிமை அதில்தான் இருக்கிறது. பை உடலில் சேராது என்று 2005இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023இல் மறுபடியும் உறுதி செய்தது. சட்டைப்பையையும் தடவிப் பார்த்தார்களே என்பீர்கள். அங்கிருந்து எதுவும் எடுக்கவில்லையே! பொது இடம் என்பதால், வாரண்ட் இல்லாமல் கட்டடத்துக்குள் நுழைந்து சோதிப்பதற்கான பிரிவு 42 பற்றிய வாதமும் எடுபடாது. மாதிரி எடுத்ததில் தாமதம் என்று, மாஜிஸ்திரேட் முன் மாதிரி எடுப்பதைப் பற்றிய பிரிவு 52ஏ-வைக் காட்டி ஜாமீன் கேட்கும் வழியையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் அடைத்துவிட்டது.

இனி நீங்கள் எழுதியிருக்கும் மனு. தயவுசெய்து அதைத் தாக்கல் செய்யாதீர்கள். "நண்பனின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான்" என்ற வரி போதும், தம்பி கையில்தான் பை இருந்தது என்பதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். கைவசம் இருந்ததை நிரூபிப்பது போலீசின் வேலை. அது நிரூபணமானால், உள்ளே இருப்பது தெரிந்துதான் வைத்திருந்தான் என்று 35, 54 பிரிவுகள் ஊகித்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்கும் சுமை தம்பியின் தலையில் விழும். இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கும் மற்ற துறை அதிகாரிகளும் போலீசாரைப் போலத்தான், அவர்கள் பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலமும் செல்லாது என்று 2020இல் தீர்ப்பு வந்து, குடும்பங்கள் நிம்மதியடைந்தன. அதே குடும்பங்கள், வாக்குமூலத்தில் இருந்ததைத் தாங்களே மனுவாக எழுதி நீதிமன்றத்தில் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். மேலதிகாரிகளுக்கு அனுப்பும் புகார் மனுக்களும் இதே ரகம்தான்.

இன்னொன்று. குற்றப்பத்திரிகைக்கு முன்பே சோதனையின் ஓட்டைகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால், விசாரணை அதிகாரி அதைப் பாடமாகப் படிப்பார். விடுபட்ட சாட்சியும் விடுபட்ட குறிப்பும் குற்றப்பத்திரிகையில் முளைத்திருக்கும். அந்த ஓட்டைகள் குறுக்கு விசாரணைக்கு உரியவை.

பேசத்தக்க விஷயம் ஒன்று உண்டு: எடை. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. அதனால்தான் பிரிவு 37 குறுக்கே நிற்கிறது. குற்றவாளி அல்ல என்று நம்ப நீதிபதிக்கே காரணம் தெரிந்தால்தான் ஜாமீன். மகஜரில் (பறிமுதல் செய்ததைப் பதிவு செய்யும் ஆவணம்) உள்ள 21.200 கிலோ, பையும் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்ததா? பூவும் காயும் உள்ள நுனிதான் சட்டப்படி கஞ்சா. தனியாகக் கிடக்கும் இலையும் விதையும் கணக்கில் வராது. இடைவெளி 1.200 கிலோதான். இந்த வாதத்தை ஏற்று ஜாமீன் கொடுத்த உயர் நீதிமன்றங்கள் உண்டு, விசாரணையில் பார்க்கலாம் என்று தள்ளியவையும் உண்டு. எழுதிய எடையை இனி யாரும் மாற்ற முடியாது என்பதால் இதைச் சொல்வதில் ஆபத்தில்லை. மகஜர் நகலை முதலில் வாங்குங்கள்.

ஆனால் நான் உங்கள் வழக்கறிஞராக இருந்தால் இந்த மாதம் காலண்டரைத்தான் பார்ப்பேன். வணிக அளவு வழக்கில் குற்றப்பத்திரிகைக்கு 180 நாள். முதல் ரிமாண்ட் நாளையும் சேர்த்து எண்ணுங்கள். நீட்டிப்பு உத்தரவு இல்லாமல் கெடு முடிந்தால், குற்றப்பத்திரிகை வராத காரணத்துக்காகவே ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். 181ஆம் நாள் காலையில் நீதிமன்றம் திறந்ததும் அந்த ஜாமீன் மனு கையில் இருக்க வேண்டும். மதியம் போகலாம் என்று இருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, உரிமையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அரசுத் தரப்பு வழக்கறிஞர் முன்னதாகவே நீட்டிப்பு கேட்டிருக்கிறாரா என்பதை வாரம் ஒருமுறை சிறப்பு நீதிமன்றத்தில் விசாரியுங்கள். கேட்டிருந்தால் அதை எதிர்ப்பதே உங்கள் முதல் வேலை.

அதோடு, ஜாமீன் நெருங்கும் நேரத்தில் குண்டர் சட்டத்தில் 12 மாதம் அடைக்கும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. தம்பி மீது பழைய வழக்கு இருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.