நல்ல சாலைமேல் மறுபடியும் தார்: கேள்வியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் உள்ளது. நான்கு ஆண்டுகளுக்கு முன் போட்ட தார்ச்சாலை நன்றாகத்தான் இருந்தது. அதன்மேலேயே போன மார்ச் மாதம் மறுபடியும் தார் போட்டதில் வீட்டு வாசல்கள் எல்லாம் பள்ளத்தில் கிடக்கின்றன. அதே தெருவில் உள்ள மேல்நிலைத் தொட்டிக்கு இரண்டு முறை வண்ணம் பூசினார்கள், தண்ணீர்தான் ஏறவில்லை. மாநில அரசின் இத்தகைய வீண்செலவைத் தடுக்க முதலமைச்சருக்கு மனு எழுதுவதா, பொதுநல வழக்குத் தொடுப்பதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: ஐயா, இரண்டுமே பிற்பாடு. முதலில் உங்கள் கைக்கு வர வேண்டியது அந்தச் சாலையின் கோப்பு. தணிக்கைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: "வீண்செலவு நடக்கிறது" என்று எழுதிய மனு, எந்த அலுவலகத்தின் மீது புகாரோ அதே அலுவலகத்துக்கே இறங்கி வந்து, "பணி விதிமுறைப்படி மேற்கொள்ளப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு முடிந்துவிடும். பணியின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் பக்க எண்ணைக் குறிப்பிட்டு, அதில் எழுதியிருக்கும் தார்க் கனத்துக்கும் தெருவில் கிடக்கும் கனத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கும் மனுவுக்கு அப்படி ஒரு வரியில் பதில் எழுத முடியாது.

அந்தச் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா, ஊராட்சியினுடையதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஊராட்சி அலுவலகத்திலோ வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ கேட்டால் தெரிந்துவிடும். பலருடைய உழைப்பு இந்த இடத்திலேயே தவறான முகவரிக்குப் போய் வீணாகிறது.

ஒவ்வொரு பணிக்கும் காகிதங்கள் ஒரு வரிசையில் பிறக்கின்றன. நிர்வாக அனுமதி, மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு ஆகியவற்றுக்குப் பின், வேலை நடக்க நடக்கப் பொறியாளர் நீளம், அகலம், கனம் ஆகியவற்றை எழுதும் அளவுப் புத்தகம் வருகிறது. அலுவலகங்களில் இதை எம்.புக் என்பார்கள். ஒப்பந்ததாரரின் பில்லுக்குப் பணம் நகர்வது இந்தப் புத்தகத்தில் உள்ள எண்களை வைத்துத்தான் என்பதால், நீங்கள் முதன்மையாகக் கேட்க வேண்டியது இதன் நகலைத்தான். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய தார் போட வேண்டும், சாலையின் மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதத்திலேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். எனவே உங்கள் சாலையின் மதிப்பீட்டில் சுரண்டும் வேலைக்குத் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். தொகை இருந்து, அளவுப் புத்தகத்திலும் அந்த வேலை முடிந்ததாகப் பதிவாகியிருந்து, வாசல் மட்டும் பள்ளமாகியிருந்தால், அது செய்யாத வேலைக்குப் பணம் கொடுக்கப்பட்டதா என்ற நேரடியான கேள்வியாகிவிடும். தொகையே இல்லையென்றால், அறிவுறுத்தலை மீறி மதிப்பீடு தயாரித்தது யார் என்பது கேள்வியாகும். இரண்டுக்கும் போக வேண்டிய இடம் வேறு.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி சாலைக்குரிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பத்தை விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்காதீர்கள். கோப்பில் உள்ளதைத் தருவதுதான் அவர்கள் கடமை, விளக்கம் தருவதன்று. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ அடுத்த 30 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அலுவலரிடமும், அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடமும் போகலாம். அதிகம் பயன்படுத்தப்படாத ஓர் உரிமையும் இச்சட்டத்தில் "தகவல் உரிமை" என்பதற்கான வரையறையிலேயே இருக்கிறது: பணி நடந்த இடத்தை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமக்கள் கோரலாம். சாலையை நாமே தோண்டிப் பார்க்க முடியாது என்பதால் இது உங்களுக்கு மிகவும் உதவும்.

தொட்டியின் கதை வேறு. ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக, ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 1,900 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013-இல் திறக்கப்பட்டது. அந்தச் செலவை வீண் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஊருக்குள் வரும் கடைசிக் குழாயும் தொட்டியும் பராமரிப்பின்றிக் கிடந்தால், அந்த ஊரைப் பொறுத்தவரை பெருஞ்செலவு பயனற்றதாகிவிடுகிறது. கடனைத் திருப்பிச் செலுத்துவதோ நிற்காது. யாரும் திருடாமலேயே பணம் வீணாகும் வழி இது, என் பார்வையில் மிகப் பெரிய வழியும் இதுவே. புதிதாகக் கட்டுவதற்குத் திறப்பு விழா உண்டு. மோட்டாரைப் பழுது பார்ப்பதற்கு இல்லை. ஆகவே தொட்டியைப் பற்றிக் கேட்கும்போது வண்ணம் பூசிய செலவை மட்டும் கேட்காமல், மூன்றாண்டுகளின் பராமரிப்புச் செலவையும், தண்ணீர் ஏற்றிய பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

மார்ச் மாதத்தில் வேலை நடந்ததாக எழுதியிருந்தீர்கள். சட்டமன்றம் ஒப்புதல் அளித்த தொகை மார்ச் 31-உடன் காலாவதியாகிவிடும் என்பதால், மீதமுள்ளதை எப்படியாவது செலவழித்துவிடும் அவசரம் அலுவலகங்களில் அந்த மாதத்தில் எழும். சுலபமாக முடியும் வேலை தார் போடுவதுதான். தேவை எங்கே என்பதைவிட பில் எங்கே சீக்கிரம் தயாராகும் என்பது முன்னுக்கு வந்துவிடுகிறது. இதற்கு மருந்து, தேவைப் பட்டியலை ஊரே முன்கூட்டித் தயாரித்து வைப்பது. அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 கிராம சபையில், எந்தச் சாலை உண்மையில் கெட்டிருக்கிறது, எது இன்னும் சில ஆண்டுகள் தாங்கும் என்று பெயர் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை ஒன்றிய அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுத்துவிட்டால், நல்ல சாலைமேல் தார் போட வருபவர்கள் அந்தத் தீர்மானத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர், குறைகளைச் சரிசெய்யும் பொறுப்புக் காலம் ஆகியவற்றைப் பணியிடத்தில் தமிழில் பலகையாக வைக்க வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேருங்கள். பொறுப்புக் காலம் முடியாத சாலையில் குறை இருந்தால் ஒப்பந்ததாரரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அரசு மறுபடி பணம் ஒதுக்க வேண்டியதே இல்லை.

ஆவணம் கைக்கு வந்தபின், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் நகல்களோடு மனுக் கொடுங்கள். பொய்யான அளவு என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் செல்லுங்கள். மாவட்டம் முழுக்க இதே முறை தெரிந்தால், அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும், சென்னையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கும் எழுதலாம். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கும், அங்கிருந்து அதை ஆராயும் சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கும் போகிறது. தருமபுரி மாவட்டத்துக்கு ஐந்து, கிருஷ்ணகிரிக்கு ஆறு என நம்மிடம் பதினொரு சட்டமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். துறைகளுக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் ஒரு கேள்வி எழுப்பச் சொல்லி அவர்களிடம் கேட்பதற்கு நாம் ஏனோ தயங்குகிறோம்.

நண்பர்கள் சிலர் இலவசத் திட்டங்களையே வீண்செலவின் தலைமகனாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பசியோடு பள்ளிக்கு வரும் குழந்தைக்குப் போடும் சோறு செலவாகலாம், வீண் ஆகாது. தொலைக்காட்சி, மிக்சி போன்றவற்றை எதிர்த்த வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அந்தத் தீர்ப்பை மறுஆய்வு செய்யும் பொறுப்பு 2022-இல் மூன்று நீதிபதிகள் அமர்வுக்குச் சென்றது. அந்த விவாதம் நடக்கட்டும். ஆனால் 2021 ஆகஸ்டில் வெளியான தமிழக அரசின் நிதி வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகச் சொன்னதை மறக்கக் கூடாது. அந்தக் கடனில் ஒரு பங்கு உங்கள் தெருவின் இரண்டாவது தார்ப்பூச்சாகவும் இருக்கலாம்.

பொதுநல வழக்கென்றால் நம் மாவட்டங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வு. முதலில் அதிகாரிகளிடம் முறையிட்டீர்களா, ஆதாரம் என்ன என்றுதான் அங்கும் கேட்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. தனியாளாக நிற்காதீர்கள். கணக்குக் கேட்பவர்களை மிரட்டும் வழக்கம் உண்டு என்பதால், விண்ணப்பங்களை நான்கைந்து பேர் தனித்தனியே அனுப்புங்கள்; வந்த பதில்களைக் கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். அஞ்சல் ரசீதுகளையும் ஒப்புகைகளையும் பத்திரப்படுத்துங்கள், மேல்முறையீட்டுக்கு நாள் கணக்கிட அவை வேண்டியிருக்கும்.